அத்திவாரம் வெட்ட முன்



லயத்தை விட்டுத் தனி வீடு கட்டக் காணி கிடைத்ததும், உடனே மம்பட்டியை எடுக்க வேண்டாம். முதலில் வேலை நடக்கும் இடத்தை ஒழுங்கு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நமது காணிகள் சரிவானவை. மேல்பக்கம் ஒரு கான் வெட்டி, மழைத்தண்ணீரைச் சுற்றி விடுங்கள். தண்ணீர் ஊறின திட்டுதான் சரியும். அத்திவாரக் குழியின் மண்ணை ஓரத்திலே குவிக்காமல், 2 அடியாவது தள்ளிப் போடுங்கள். அந்தப் பாரமே குழிச்சுவரைத் தள்ளி, உள்ளே நிற்கிறவரை மூடிவிடும்.

50 கிலோ சீமெந்து மூட்டைகளைப் பலகை மேலே, 10க்கு மேல் உயராமல் அடுக்கித் தார்ப்பாயால் மூடுங்கள். கல்லுக்கு ஓர் இடம், மணலுக்கு ஓர் இடம், நடக்க ஒரு வழி வேண்டும். கழற்றிய பலகையில் ஆணி இருந்தால் அன்றைக்கே பிடுங்குங்கள்.

அம்மாமார் மலைக்குப் போன நேரம் பிள்ளைகள் மணற்குவியலைத் தேடித்தான் வருவார்கள். சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். சாயந்திரம் குழியைப் பலகையால் மூடுங்கள்.

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. விடாமழை பெய்தாலோ, திட்டில் வெடிப்புக் கண்டாலோ, கலங்கல் தண்ணீர் ஊறினாலோ வேலையை நிறுத்தி விலகிப் போங்கள். வீடு பத்து நாள் பிந்தட்டும். குடிபோக எல்லோரும் இருக்க வேண்டும்.