வீட்டுக்காரர் அடுப்பை நகர்த்தினால்...

காலையில் எழுந்து காப்பி போடச் சமையலறைக்குள் போகிறீர்கள். காப்பிப் பொடி டப்பா இருந்த இடத்தில் உப்பு ஜாடி இருக்கிறது. அடுப்பு ஜன்னல் பக்கம் போய்விட்டது. அலமாரியைக் காணோம், அந்த இடத்தில் யாரோ ஒரு சோப்பு விளம்பரத்தை மாட்டியிருக்கிறார்கள்! "யார் செய்த வேலை இது?" என்று கேட்டால், "வீட்டுக்காரர் இரவில் வந்து மாற்றிவிட்டுப் போனார். எல்லாம் உங்கள் சௌகரியத்துக்குத்தானாம்!" என்று பதில் வருகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும்?

செல்போனில் ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒரு நாள் பொத்தான் இடம் மாறிவிடுகிறது. இன்னொரு நாள் தங்கை போட்ட குழந்தையின் படம் கண்ணில் படுவதில்லை. முன்பின் தெரியாத யாரோ ஆடும் நடனம் வந்து நிற்கிறது. நாம் சத்தம் போடுகிறோம். பிறகு பழகிவிடுகிறோம். இப்படிச் சத்தம் போடுவதால் எப்போதாவது பலன் உண்டா? நடந்த கதைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

7 லட்சம் பேரின் கோபம்

2006-ஆம் ஆண்டு ஃபேஸ்புக் இரண்டரை வயதுக் குழந்தை. அதை உபயோகித்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மாணவ மாணவியர். தோழியின் சமாசாரம் தெரிய வேண்டுமானால் அவளுடைய பக்கத்துக்கு நாமே போய்ப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 5-ஆம் தேதி இது மாறியது. யார் என்ன படம் போட்டார்கள், யாருடைய காதல் முறிந்தது என்பதெல்லாம் நண்பர்கள் எல்லோருடைய முகப்பிலும் தானாகவே வந்து விழ ஆரம்பித்தன. 'நியூஸ் ஃபீட்' என்று அதற்குப் பெயர். மாற்றத்தை அறிவித்து எழுதியவர், புனேயில் பிறந்த ருச்சி சங்வி என்ற பெண் பொறியாளர்.

வந்ததே கோபம்! தெருவில் நாலு பேருக்குத் தெரிந்த சமாசாரம்தான் என்றாலும், அதை ஒருவர் ஒலிபெருக்கி வைத்துப் படித்தால் சும்மா இருப்போமா? எதிர்ப்புக் குழு ஒன்று கிளம்பியது. சில நாட்களுக்குள் அதில் 7 லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், குழு இத்தனை வேகமாக வளர்ந்ததற்கு நியூஸ் ஃபீடே ஒரு காரணம்! 'இன்னார் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்' என்று எல்லோருக்கும் தண்டோராப் போட்டது அதுதானே?

அப்போது 22 வயதான மார்க் ஸக்கர்பர்க், சற்று அமைதியாக இருங்கள் என்று முதலில் எழுதிப் பார்த்தார். எடுபடவில்லை. மூன்று நாளில் தவற்றை ஒப்புக்கொண்டு, எது வெளியே தெரியலாம் என்பதை அவரவரே தீர்மானிக்க வசதி செய்து கொடுத்தார். நியூஸ் ஃபீடை எடுத்தாரா? இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடைத்தது. இடித்த சுவர் இடித்ததுதான். கோபித்துக்கொண்டவர்களும் பிறகு உட்கார்ந்து அதைத்தான் படித்தார்கள்!

கூண்டோடு காலி

எல்லா வீட்டுக்காரர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 'டிக்' என்று ஓர் அமெரிக்கத் தளம் இருந்தது. செய்திகளுக்கு வாசகர்களே ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கியது முதல் பக்கத்தில் வரும். 2010 ஆகஸ்டு 25-ஆம் தேதி டிக் புது வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. பிடிக்காத செய்தியைக் கீழே தள்ளும் பொத்தானைக் காணோம். பெரிய பத்திரிகை ஸ்தாபனங்கள் தங்கள் செய்திகளைத் தாங்களே கொண்டுவந்து கொட்ட வழி செய்யப்பட்டிருந்தது. போதாக்குறைக்குத் தளம் அடிக்கடி படுத்துக்கொண்டது.

வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போட்டித் தளமான 'ரெட்டிட்'டின் இணைப்புகளுக்கே ஓட்டுப் போட்டு, டிக்கின் முதல் பக்கத்தை நிரப்பினார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக அங்கேயே குடிபோய்விட்டார்கள். 2012-இல் டிக்கின் பெயரும் தளமும் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறின. ஒரு காலத்தில் கோடிக்கணக்கான டாலர் பெறும் என்று பேசப்பட்ட இடம் அது!

போனார்கள், வந்தார்கள்

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2021 ஜனவரியில் வாட்ஸப் ஒரு நோட்டீஸ் அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரி 8-ஆம் தேதிக்குள் புது நிபந்தனைகளுக்குச் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் உபயோகிக்க முடியாது என்றது. ஃபேஸ்புக்குக்கு நம் விவரங்கள் போகின்றன என்று பயம் பரவியது. டெலிகிராமில் 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சிக்னலில் புகுந்த கூட்டம் தாங்காமல் ஜனவரி 15-ஆம் தேதி அது முடங்கிப் போயிற்று. வாட்ஸப் இங்கே முழுப் பக்கப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து, உங்கள் சொந்தக் கடிதங்களை நாங்கள் படிப்பதில்லை என்று சமாதானம் சொன்னது. கெடுவை மே 15-க்குத் தள்ளி வைத்தது.

அப்புறம்? போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள், அல்லது இரண்டு இடத்திலும் இருந்தார்கள். நாம் மட்டும் வீடு மாறி என்ன பிரயோஜனம்? பெரியம்மா வாட்ஸப்பில்தான் இருக்கிறார். குழந்தையின் வகுப்புக் குழு அங்கேதான். தையற்காரர் ரவிக்கை அளவு கேட்பதும் அங்கேதான். செய்தி படிக்கப் போன டிக்கில் பக்கத்து இலைக்காரர் யாரென்றே தெரிய வேண்டியதில்லை. அதனால் எழுந்து போவது சுலபமாயிற்று. வாட்ஸப்பிலோ சொந்தபந்தம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்! நம்மைக் கட்டிப் போட்டிருப்பது வீடல்ல, உறவு. வீட்டுக்காரருக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஆனாலும் அந்தச் சத்தம் வீண் போகவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் அந்த நிபந்தனைகளை விசாரித்து, 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. தனியொருவர் கோபித்துக்கொண்டால் நகராத காரியம், சட்டம் விசாரிக்க வந்தால் கொஞ்சம் நகர்கிறது.

குடக்கூலி யார் கொடுக்கிறார்கள்?

ஏன் இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் நாம் வாடகை கொடுப்பதில்லை. கொடுப்பவர் விளம்பரக்காரர். நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு அவருக்கு லாபம். அடுப்பை எங்கே வைப்பது என்பதில் அவர் சௌகரியமும் கலந்துதான் இருக்கும்.

சில சமயம் வீட்டையே இழுத்து மூடிவிடுவதும் உண்டு. நம் நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் 'ஆர்குட்'டில் தோழிகளுக்கு எழுதியும் படங்கள் சேர்த்தும் வைத்திருந்தார்கள். கூகுள் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி கதவைச் சாத்தியது. படங்களையும் எழுத்துக்களையும் எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. எடுத்தவர்களுக்கு மிஞ்சியது. 'அங்கேதானே இருக்கிறது, அப்புறம் பார்ப்போம்' என்றிருந்தவர்களுக்குப் போனது போனதுதான்.

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டியின் கடைசிப் பிறந்த நாள் படங்கள், ஊரிலிருந்து அக்கா குரலில் அனுப்பிய பிட்லைக் குறிப்பு, இப்படி இழக்க முடியாதவற்றைத் தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸப் உரையாடலை வெளியே எடுத்துக்கொள்ளவும், ஃபேஸ்புக்கில் போட்டவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் அவற்றிலேயே வழி இருக்கிறது. கணக்குத் திறந்த செல்போன் எண் மாறியிருந்தால் உடனே திருத்துங்கள். முக்கியமான பத்துப் பேரின் டெலிபோன் எண்களைப் பழையபடி ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள்.

வாடகை வீட்டில் குடியிருப்பது தவறே இல்லை. பாதி ஊர் அப்படித்தான் இருக்கிறது! ஆனால் கல்யாணப் புடவையையும் நகையையும் வீட்டுக்காரரின் பெட்டியிலா வைத்துப் பூட்டுகிறோம்?