கூலி: ஊதியமா, ஆளா?

தோட்டத்து முதியவர் ஒருவரிடம் தொழில் என்னவென்று வினவினால், "நமக்கென்னங்க ஐயா, கூலிதான்" என்று குரலைத் தாழ்த்தி விடையிறுப்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். தலைகுனிய அச்சொல்லில் என்ன இருக்கிறது?

கூலி பழந்தமிழ்ச் சொல். செய்த வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே அதன் பொருள். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இதனை ஆண்டுள்ளார். ஊழ் துணை நில்லாவிடினும், உடல் பட்ட பாட்டுக்கு உரியதை முயற்சி கொடுத்துவிடும் என்பது அவர் கருத்து. அங்ஙனம் கிடைப்பதற்கு அவர் இட்ட பெயர்தான் கூலி. இழிந்த சொல்லாயின் அவ்விடத்தில் வைத்திருப்பாரா?

தமிழில் கூலி வேறு, அதனைப் பெறுபவர் வேறு. பெறுபவர் கூலியாள் அல்லது கூலிக்காரர். ஐரோப்பியர் இச்சொல்லைக் கொண்டு சென்றபோது 'ஆள்' விடுபட்டுப் போயிற்று. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று. (குஜராத்தின் கோலி இனத்தார் பெயரே மூலம் என்பாரும் உளர்.) மலாய் மொழியிலும் அது 'கூலி'யாகப் புகுந்தது. சீனரோ கசப்பு, வலிமை எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் அதனை எழுதினர். பொருத்தமாகத்தான் எழுதினர்! மலாயாவுக்கு இந்தியரை ஒப்பந்தத்தில் கட்டி அழைத்துவரும் முறை 1910-இலும், கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இலும் நின்றன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

'சம்பளம்' என்பதற்குச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று விளக்கம் கூறுவர். கேட்க இனிமையாயினும் உறுதியன்று. வழிப்பயண உணவைக் குறிக்கும் வடசொல்லோடு இதனை இணைப்பாரும் உண்டு. வழக்கில் நாட்கணக்குக் கூலி, மாதக்கணக்குச் சம்பளம். தோட்டத்திலோ நாள்வாரியாகக் கணக்கிட்டதை மாதக் கடைசியில் பெற்று, அதனைச் 'சம்பளம்' என்றோம். மழையில் மரம் நனைந்து பால்வெட்டு நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தொழிலாளர் மாதச் சம்பளம் கேட்டது வெறும் சொல்லுக்காக அன்று. மழை நாளிலும் உலை வைக்க வேண்டுமே.

கூலி என்றாலும் சம்பளம் என்றாலும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திற்கு ஒன்றே. சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். சட்டம் அனுமதியாத பிடித்தம் கூடாது. கணக்கில் ஐயம் தோன்றினால் முதலில் கிராணியாரைக் கேளுங்கள். தீராவிடில் தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லலாம். செல்லும்போது சம்பளத் துண்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.