கடையில் கால் நிற்காத வாண்டு!

ஆடித் தள்ளுபடி நேரம். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடை. இரண்டாவது மாடியில் பட்டுப் புடவைப் பிரிவு. என் பக்கத்தில் ஓர் இளம் அம்மா. வீட்டில் ஏதோ கல்யாணம் போலிருக்கிறது. கூடவே ரெண்டரை வயசு மதிக்கத்தக்க ஒரு வாண்டு.

விற்பனையாளர் புடவையை விரிக்க, வாண்டு அதற்கடியில் நுழைய... அம்மா இழுக்க, அது மறுபக்கம் வெளியே வந்து ஓட... "டேய், ஒரு இடத்துல நில்லுடா!" இதை அவர் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். மணி மதியம் ஒன்றரை. ஏ.ஸி. ஓடியும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் வாண்டு தரையில் மல்லாந்து படுத்து, காலை உதைத்து அலற ஆரம்பித்தது. "என்ன பிள்ளை வளர்ப்போ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான்... 'பொளேர்' என்று முதுகில் ஒன்று விழுந்தது.

அடித்துவிட்டு அந்த அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

நம்மில் பலருக்கும் இது நடந்திருக்கும். குழந்தையின் சேட்டையைக்கூடப் பொறுத்துக்கொண்டு விடுகிறோம். நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற கூச்சத்தைத்தான் தாங்க முடிவதில்லை. கை நீள்வதும் அப்போதுதான். அதனால் அழுகை நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. ரெண்டு மடங்காகிறது!

முட்டி உயரத்து உலகம்

ஒருமுறை கூட்டமான கடையில் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தெரிவதெல்லாம் கால்கள், முட்டிகள், இடிக்க வரும் பைகள். நாம் பார்த்து ரசிக்கும் ஜரிகையும் பார்டரும் அதன் கண்ணுக்கே எட்டாது. அங்கே ஒரு மணி நேரம் 'சும்மா நில்லு' என்றால்?

'கொஞ்சம் பொறு' என்பதைக் கேட்டு நடக்க, மூளையின் முன்பகுதி வளர்ந்திருக்க வேண்டும். அது முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயது வரை ஆகும் என்கிறது மருத்துவம். ரெண்டு வயதில் அதை எதிர்பார்ப்பது நம் தப்பு. 'கால் வலிக்குது, பசிக்குது, தூக்கம் வருது' என்று பிரித்துச் சொல்லவும் அந்த வயதில் வார்த்தை போதாது. அதனால் உடம்பாலேயே சொல்கிறது, தரையில் விழுந்து!

அந்த ஒன்றரை மணியைக் கவனித்தீர்களா? வீட்டில் இருந்திருந்தால் அந்த வாண்டு பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கும். பாதிப் பிரச்னை அங்கேயே தொடங்கிவிட்டது. கடைக்குப் போகும் நேரத்தைக் குழந்தையின் வயிறும் தூக்கமும்தான் முடிவு செய்ய வேண்டும். காலை டிபன் ஆனதும், கடை திறந்த கையோடு போவது உத்தமம். பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு சாயந்திரம்... தயவுசெய்து வேண்டாமே! பாட்டியிடமோ, பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டுப் போக முடிந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையில் தண்ணீர், வாழைப்பழம், ரெண்டு குட்டி இட்லி, மாற்று உடை இருக்கட்டும். வேர்க்கடலை மாதிரி கெட்டியான பருப்பு வகைகள் வேண்டாம். ஓடிக்கொண்டே தின்றால் மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு.

கிளம்பும் முன் ரெண்டே வாக்கியம் சொல்லுங்கள். "அத்தைக்குப் புடவை வாங்கப் போறோம். கடையில அம்மா கையைப் புடிச்சுக்கணும்." போதும். பத்துக் கட்டளை போட்டால் ஒன்றும் நிற்காது. 'ஓடாதே' என்பதைவிட 'அம்மா கூட நட' என்பது குழந்தைக்குச் சுலபமாகப் புரியும். என்ன செய்யக் கூடாது என்று சொன்னால், அப்புறம் என்ன செய்வது என்று அதற்குத் தெரிவதில்லையே!

துறுதுறு குழந்தைக்கு வேலை கொடுத்துவிடுவது நல்ல தந்திரம். "நாலு தக்காளி எடுத்துப் போடு", "பச்சைக் கூடையா, சிவப்புக் கூடையா, நீயே சொல்லு". சூப்பர் மார்க்கெட்டில் இது அருமையாக எடுபடும். ஜவுளிக் கடையில் கொஞ்சம் கஷ்டம்தான். அங்கே ஒருவர் புடவை பார்க்க, இன்னொருவருக்குக் குழந்தை மட்டுமே வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். (கடை வாசலில் நின்று செல்போன் பார்க்கும் அப்பாக்களே, உங்களைத்தான்!)

செல்போன் என்றதும் ஞாபகம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தந்த அறிவுரைப்படி, 2 வயது வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பில் போடும் அஞ்சு நிமிஷத்துக்கு மூணு வயசுக் குழந்தையிடம் போனைக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. ஆனால், அழுதால் போன் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டால் உங்கள் பாடு திண்டாட்டம்தான்.

பில் கவுன்ட்டர் பக்கத்தில் சாக்லெட் சரியாகக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்குமே, அங்கேயும் இதே கதை. மூணு தடவை 'கிடையாது' என்று சொல்லிவிட்டு நாலாவது அழுகைக்கு வாங்கித் தந்தால், நாலு தடவை அழ வேண்டும் என்பதுதான் பாடம். வாங்கித் தருவதாக இருந்தால் முதலிலேயே தந்துவிடுங்கள்!

"போலீஸ்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்", "இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் சகஜம். யோசித்துப் பாருங்கள். கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோனால், அது போய் நிற்க வேண்டியதே அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம்தான். அவரைப் பார்த்தே அது ஓடி ஒளிந்தால்? உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள். கிளம்பும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், என்ன சட்டை என்று பதற்றத்தில் தடுமாற வேண்டாம். காணவில்லை என்றால் முதலில் கடைக்காரரிடம் சொல்லி வாசலைக் கவனிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, போலீஸுக்கு 112.

எஸ்கலேட்டரில் கண்டிப்பாகத் தூக்கிக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு அதன் ஓரத்தில் சிக்கி, கால் விரல்கள் அடிபடுவது உண்டு. தள்ளுவண்டிக் கூடைக்குள் நிற்க வைப்பதும் வேண்டாம். தலைகீழாக விழுந்துவிடும்.

அழுது மூச்சு நின்றால்...

எல்லாம் செய்தும் ஒருநாள் தரையில் விழுந்து புரளத்தான் செய்யும். அப்போது உபதேசம் காதில் ஏறாது. தூக்கிக்கொண்டு மாடிப்படி ஓரமாகவோ வெளியிலோ போய், அதன் உயரத்துக்குக் குத்துக்கால் போட்டு உட்காருங்கள். "அந்தப் பொம்மை வேணும், இல்லே? கிடைக்கலேன்னு கோபம்." அவ்வளவு போதும். பக்கத்திலேயே இருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

சில குழந்தைகள் அழுகையின் உச்சத்தில் அப்படியே மூச்சை நிறுத்திவிடும். உதடு நீலம் பாரிக்கும். சில விநாடிகள் நினைவு தப்பித் துவண்டும் போகலாம். பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும்! ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை இது வரலாம். வேண்டுமென்று செய்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தானே மூச்சு வந்துவிடும். அதற்கு மேல் நீடித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். முதல் தடவை வந்தாலே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. இரும்புச் சத்துக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது. அதைச் சரிசெய்தால் பலருக்குக் குறைந்தும் விடுகிறது. இதற்குப் பயந்து கேட்டதையெல்லாம் வாங்கித் தர ஆரம்பித்துவிடாதீர்கள்.

'ஹைப்பர் ஆக்டிவா இருக்குமோ?' என்று பல அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். ரெண்டு, மூணு வயதில் ஓட்டம் இயல்பு. 4 வயதுக்கு முன் அந்த முத்திரையை டாக்டர்கள் பெரும்பாலும் குத்துவதில்லை. ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, ரெண்டு வயது முடிந்தும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசாவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அந்த ஜவுளிக் கடைக்கு வருகிறேன். அடி விழுந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கீழே குனிந்து, காலியான ரெண்டு புடவை அட்டைப் பெட்டிகளை எடுத்து வாண்டின் முன்னால் வைத்தார். விசும்பல் மெதுவாக நின்றது. ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துப் பார்த்தது. மூடியைத் தட்டி டமாரம் அடித்தது. அந்த அம்மாவும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தார். "இன்னிக்குப் போதும்ணே, நாளைக்குக் காலைல வர்றேன்" என்றார். பெரியவர் புடவைகளை மடிக்க ஆரம்பித்தார். பெட்டியைத் திருப்பித் தர வாண்டு சம்மதிக்கவில்லை.

"கொண்டுபோகட்டும்மா" என்றார் அவர்.