காலுக்குக் குருதி: மாற்றுவழிச் சத்திரசிகிச்சையும் அதன் சமூக எல்லையும்

காலைக் கழற்றுதல் என்பது நோயின் தவிர்க்கவியலாத முடிவாகவே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. கொழுப்புப் படிவினால் கால் நாடிகள் ஒடுங்கும்பொழுது முதலில் நடக்கையில் கெண்டைக்கால் நோகின்றது; பின்னர் ஓய்விலும் வலி நீடிக்கின்றது; ஈற்றில் ஆறாத புண்ணும் அழுகலும் தோன்றுகின்றன. புகைத்தலும் நீரிழிவும் இதன் முதன்மைக் காரணிகள். எனினும், இந்நிலையிலும் பல கால்களைக் காப்பாற்றுதல் சாத்தியமே.

1948இல் பாரிசு நகரில் ழான் குன்லின் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், அடைபட்ட தொடை நாடியைத் திறக்க முயலாது, நோயாளியின் காலிலிருந்தே எடுத்த நாளத்தை அடைப்புக்கு மேலும் கீழும் பொருத்திப் புதுவழி அமைத்தார். நாளத்தினுள் உள்ள வால்வுகள் குருதியை இதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடுவன. ஆதலின் நாளம் தலைகீழாகப் பொருத்தப்படுகின்றது; அன்றேல் வால்வுகள் வெட்டி நீக்கப்படுகின்றன.

அடைப்பின் இடமே வழியைத் தீர்மானிக்கின்றது. அடைப்பு வயிற்றினுள் இருப்பின், பெருநாடியிலிருந்து இரு தொடை நாடிகளுக்கும் டக்ரோன் குழாய் பொருத்தப்படும். வயிற்றைத் திறப்பதைத் தாங்கவியலாதவருக்கு அக்குளிலிருந்தோ மறுதொடையிலிருந்தோ குருதி கொணரப்படும். முழங்காலுக்குக் கீழே செல்லும் வழிக்குச் செயற்கைக் குழாயினும் சொந்த நாளமே நெடிது நிலைக்கும்.

1964 முதல் குழாய் செலுத்தி நாடியை உள்ளிருந்தே விரிக்கும் முறையும் வளர்ந்துள்ளது. 1,830 நோயாளரைக் கொண்டு 2022இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல நாளம் உள்ளவர்க்கு மாற்றுவழிச் சத்திரசிகிச்சையே மேலானதெனக் காட்டியது. 2023இல் வெளியான பசில்-2 ஆய்வோ, முழங்காலுக்குக் கீழான நாடிகளுக்கு விரித்தலை முதலில் மேற்கொள்வதே நன்றெனக் கண்டது. எனவே ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

இங்கு ஒரு முரண்பாடு புலனாகின்றது. இச்சிகிச்சையின் மிகச் சிறந்த மூலப்பொருள் சந்தையில் வாங்கப்படுவதன்று. ஏழையின் காலிலும் அது உண்டு. விலையுள்ளவை நாடிப் படமும், தேர்ந்த கையும், உரிய காலமுமே. நாட்கூலியை இழக்கவியலாத உழைப்பாளி கெண்டைக்கால் வலியை வேலைக்களைப்பென்றே எண்ணுகின்றான். விரல் கறுத்த பின்னரே மருத்துவமனையை நாடுகின்றான். அப்பொழுது மேற்கூறிய வழிகளுட் பல அவனுக்கு அடைபட்டுவிடுகின்றன. கால் இழந்தவன் உழைப்பையும் இழக்கின்றான். ஆகவே பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனை தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கிராமத்துக்கும் சென்றடைய வேண்டும் என்பது மருத்துவக் கோரிக்கை மாத்திரமன்று, சமூகநீதிக் கோரிக்கையுமாகும்.