சூப்பர்சானிக்: எதைவிட வேகம்?

மிக வேகமான எதையும் ‘சூப்பர்சானிக்’ என்று சொல்லிவிடுகிறோம். விமானவியலில் அதற்குக் கறாரான பொருள் உண்டு: சுற்றியுள்ள காற்றில் ஒலி பரவுவதைவிட வேகமாகச் செல்வது. அந்த எல்லையோ இடத்துக்கு இடம் மாறக்கூடியது.

லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேலே; ‘சோனஸ்’ என்றால் ஒலி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணைக் குறித்தது. 1918இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய ‘சூப்பர்ஹெட்ரோடைன்’ வானொலிச் சுற்றின் பெயரில் இருப்பது அந்தப் பழைய பொருள்தான். அதிவேக விமான ஆராய்ச்சி சூடுபிடித்ததும் சொல் வேகத்தின் பக்கம் போனது. பழைய வேலை ‘அல்ட்ராசானிக்’ வசம் வந்தது.

காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதுவதால் ஒலி பரவுகிறது. குளிர் கூடினால் அவற்றின் ஓட்டம் தளரும். ஒலியும் வேகம் குறையும். 15 டிகிரி செல்சியஸில் ஒலி மணிக்குச் சுமார் 1,225 கி.மீ. வேகத்தில் செல்கிறது. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் சுமார் 1,062 கி.மீ. ஆகவே வாகனத்தின் வேகத்தை அந்த இடத்து ஒலி வேகத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். கிடைப்பது மாக் எண். பாயும் தோட்டா எழுப்பும் அதிர்ச்சி அலையை 1880களில் படம்பிடித்த ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர் அது. மாக் 1ஐத் தாண்டினால் சூப்பர்சானிக். மாக் 5ஐத் தாண்டினால் ஹைப்பர்சானிக். மாக் 2ஐ எட்டிய கன்கார்ட் பயணிகள் விமானமும், மாக் 3ஐ நெருங்கும் பிரம்மோஸ் ஏவுகணையும் முதல் வகை.

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் சுமார் 13,000 மீட்டர் உயரத்தில் மாக் 1.06ஐத் தொட்டார். வேகம் மணிக்குச் சுமார் 1,127 கி.மீ. தரையோரம் அதே வேகத்தில் பறந்திருந்தால் அது சூப்பர்சானிக் ஆகியிருக்காது. அங்கே ஒலி அவரை முந்தியிருக்கும். அதனால்தான் 1997இல் நெவாடா பாலைவனத்தில் ஆண்டி கிரீன் ஓட்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி கார், ஒலியை வெல்ல மணிக்கு 1,228 கி.மீ.வரை போக வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து லண்டன் சென்ற பயணிகள் விமானம் ஒன்று, தரைக் கணக்கில் மணிக்கு 1,290 கி.மீ.யை எட்டியது. ஆனாலும் அது சூப்பர்சானிக் அல்ல. பின்னிருந்து வீசிய பெருங்காற்று விமானத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது; அந்தக் காற்றுக்குள் விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.