வலிக்கு ஒரு குவார்ட்டர்?

குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற ஒருவரிடம் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டால், "உடம்பு வலி தாங்கலீங்க" என்று பதில் வரலாம். அதைச் சாக்கு என்று சிரித்துத் தள்ளுவது நம் வழக்கம். ஆனால் அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. லண்டன் கிரீனிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் 18 சோதனைகளின் முடிவுகளை, மொத்தம் 404 பேருடைய தரவுகளை, ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தில் மதுவின் அளவு ஏறத்தாழ 0.08 சதவீதத்தை எட்டும்போது வலி தெரியத் தொடங்கும் எல்லை சற்று உயர்ந்தது. வலியின் கடுமையோ நன்றாகவே குறைந்தது. மூளையின் பரபரப்பை மது அடக்குகிறது. உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணிகளையும் தூண்டிவிடுகிறது. ஆக, அவர் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான். பலனே தராத பொருளாக இருந்தால் நாலு நாளில் விட்டிருப்பார்.

அந்தப் பலன் எந்த அளவில் கிடைக்கிறது என்று பாருங்கள். 0.08 சதவீதம் என்றால் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவருக்கு நம் சட்டம் விதித்த வரம்பு 30 மில்லிகிராம். வலி அடங்கும் அளவுக்குக் குடித்தவர் பர்லியார் கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கைத் தொடவே கூடாது. டாஸ்மாக்கில் வாங்கும் 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் அவ்வளவு உள்ளே போனாலே உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக் குடி என்கிறது. அதோடு, சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், அவர்கள் அனுபவித்ததும் சில நிமிட வலி. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி, வருடக்கணக்கில் குனிந்து வேலை செய்த இடுப்பின் கணக்கு வேறு. தினமும் குடித்தால் உடம்பு பழகிக்கொள்கிறது, நேற்றைய அளவு இன்று போதாது. போதை இறங்கும்போது நரம்புகள் முன்னைவிடக் கூசுகின்றன, வலி கூடுதலாகத் தெரிகிறது. பின்னிரவுத் தூக்கமும் கெடுகிறது; தூக்கம் கெட்ட உடம்புக்கு வலி தாங்கும் சக்தி குறைவு. காலையில் அவர் உணர்வதில் ஒரு பங்கு வேலை தந்த வலி, இன்னொரு பங்கு முந்தின இரவு தந்தது. வருடங்கள் போனால் பாதம் எரியும் நரம்புக் கோளாறும், தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து இடுப்பு மூட்டே சிதையும் நோயும் வரக்கூடும். (குளிருக்குப் பிராந்தி என்பதும் இதே ரகம்தான்: தோல் சூடாவதுபோல் தெரியும், உடம்போ உள்ளிருக்கும் வெப்பத்தை இழக்கும்.)

வலிதான் காரணம் என்றால் பெண்கள் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோளும் முழங்காலும் அவர்களுக்கும்தான் தேய்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் குடிக்கும் ஆண்கள் நான்கில் ஒருவர். பெண்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆகவே வலி மட்டும் யாரையும் குடிகாரராக்குவதில்லை. சம்பள நாள், கூட்டாளிகள், ஆணுக்கு ஊர் தரும் அனுமதி எல்லாம் சேர்ந்துதான் கடை வாசலுக்கு அழைத்துப் போகின்றன. ஆனால் இந்த ஒப்பீடு வலியைப் பொய்யாக்கிவிடாது. பெண்கள் அதை வாய் திறக்காமல் சுமக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. இரு தரப்புக்கும் மருத்துவம் கிடைக்கவில்லை என்பதே என் வாதம்.

குடியை நிறுத்தச் சொல்லும் முன் வலியைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் அதற்குத் தேவை அதிகம். மாத்திரை கொடுப்பவர் குடியைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். தினமும் குடிப்பவருக்குப் பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும், டைக்ளோபினாக் இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், டிரமடாலோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். நெடுநாள் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.