ஹெர்ட்ஸ் ஏறுது... நிறம் மாறுது!

தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்களைப் பாருங்கள். மானிட்டர் என்றாலே ஓர் எண்தான் கொட்டை எழுத்தில் நிற்கிறது: 144, 165, 180, 240. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடையேறும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வியும், "எத்தனை ஹெர்ட்ஸ்ணா?" என்பதுதான். இவர்களில் பலர் பகலில் விஸ்காம் மாணவர்கள், கல்யாண ஆல்பம் டிசைனர்கள், யூடியூப் சேனல்களுக்கு தம்ப்நெயில் போட்டுக் கொடுத்துச் சம்பாதிப்பவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே மேஜையில் வேலோரன்ட் கேம். இரண்டு மானிட்டர் வாங்க வீட்டில் வசதி கிடையாது. ஆகவே, ஒரே திரை இரண்டு வேலையும் பார்த்தாக வேண்டும்.

அப்படிப்பட்டவர் எதைப் பார்த்து வாங்குவது? முதலில் நிறம், பிறகு ஹெர்ட்ஸ். நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஹெர்ட்ஸில் குற்றம் ஒன்றும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.7 மில்லி செகண்ட் நிறுத்திவைத்துவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போகிறது. 144 ஹெர்ட்ஸில் அந்த நேரம் 6.9 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட பத்து மில்லி செகண்ட் குறைகிறது. மவுஸை வட்டமாகச் சுற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். 240 ஹெர்ட்ஸுக்குப் போனால் 4.2, இங்கே குறைவது மூன்று மில்லி செகண்ட்கூட இல்லை. 240லிருந்து 360க்கு ஏறினால் ஒன்றரைகூட இல்லை. படிக்குப் படி விலை ஏறுகிறது, கண்ணுக்குக் கிடைக்கும் லாபம் சுருங்குகிறது.

144 வரைக்கும் டிசைன்காரர்களுக்கும் ஆதாயம் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி வரும். அதனால் ஒரு ஃபிரேமை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையுமாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டுகளில் ஒரு தடுக்கல் தெரிவது இதனால்தான். 120, 144, 240 மூன்றும் 24ஆல் மீதியின்றி வகுபடும். வீடியோ எடிட் செய்கிறவர் 144 வாங்க இந்த ஒரு காரணமே போதும். 90களில் டிடிபி சென்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. பழைய குண்டு மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் வைத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும், கண் வலிக்கும் என்பதால் 75, 85 என்று ஏற்றி வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். தட்டைத் திரைகள் வந்த பிறகுதான் எல்லோரும் 60க்குத் திரும்பினோம்.

பெட்டியில் 144, திரையில் பாதி நிறம்

2018ல், 4கே தெளிவில் 144 ஹெர்ட்ஸ் ஓடும் முதல் மானிட்டர்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் இருந்த டிஸ்ப்ளே போர்ட் 1.4 இணைப்பில் நொடிக்குச் சுமார் 26 கிகாபிட் படத் தகவல்தான் போகும். 10 பிட் நிறத்தோடு ஓட்டினால் 98 ஹெர்ட்ஸ் வரை தாங்கியது. 120 வேண்டுமென்றால் 8 பிட்டுக்கு இறங்க வேண்டும். முழு 144ம் வேண்டுமென்றால் நிறத் தகவலில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். வெளிச்சமும் நிழலும் அப்படியே இருக்கும். ஆனால், சிவப்புப் பின்னணியில் போட்ட சின்ன நீல எழுத்து பிசிறடிக்கும். விளையாட்டில் இது கண்ணில் படாது. போஸ்டர் டிசைனில் எழுத்தை வைக்கும்போது கட்டாயம் கண்ணை உறுத்தும்.

தகவலைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி நுட்பம் வந்து அந்த நெரிசலைத் தீர்த்தது. ஆனாலும் பழைய எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகி, முழு ஹெர்ட்ஸும் கேட்டால், இன்றைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு சொல்லாமல் கொள்ளாமல் நிறத்தைக் குறைத்துவிடலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் பிட் டெப்த், கலர் ஃபார்மட் இரண்டும் தெரியும். அதே பக்கத்தில் ஹெர்ட்ஸும் இருக்கும். 144 வாங்கிக் கொண்டுவந்து, இந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே 60ல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைச் சிறப்பம்சம் என்று ஸ்டிக்கர் ஒட்டியே விற்கிறார்கள்.

'95 சதவிகிதம் டிசிஐ-பி3' என்று பல கேமிங் மானிட்டர்களில் பார்த்திருப்பீர்கள். பி3 என்பது டிஜிட்டல் சினிமா புரொஜெக்டருக்கென வகுத்த நிற எல்லை. இணையத்தில் உலவும் படங்கள், ஸ்டூடியோவில் சேமிக்கும் கல்யாண போட்டோக்கள், வாட்ஸ்அப்பில் வரும் டிசைன்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை 1996ல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற சின்ன எல்லைக்குள் அடங்குபவை. பி3 அதைவிட அகலம், அதிலும் சிவப்பிலும் பச்சையிலும் நன்றாகவே அகலம். அகலமான திரையில் எஸ்ஆர்ஜிபி படத்தைத் திறக்கும்போது, கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் நிறங்கள் இழுபட்டுப் பரவிவிடும். ஃபைலில் இருக்கும் சாதாரணச் சிவப்பு, திரையில் சினிமாச் சிவப்பாக எரியும். ஃபோட்டோஷாப் மாதிரியான மென்பொருள் இதைச் சரிக்கட்டும், மானிட்டருக்குரிய சரியான ப்ரொஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தால். ப்ரொஃபைல் என்ற ஒன்று இருப்பதே தெரியாத மேஜைகள்தான் இங்கே அதிகம்.

அப்போது என்ன ஆகிறது? மணமகள் முகம் திரையில் செக்கச்செவேலென்று தெரிகிறது. டிசைனர் சிவப்பைக் குறைக்கிறார். அவர் திரையில் முகம் இயல்பாகிவிடுகிறது. அச்சாகி வந்த ஆல்பத்தில் அதே முகம் சோகை பிடித்தாற்போல் வெளிறிக் கிடக்கிறது. அவர் கண்ணும் கெட்டிக்காரக் கண்தான், கையும் தேர்ந்த கைதான். திரை மட்டும் பொய் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று வெளிச்சம். கேமிங் மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே கண் கூசும் பிரகாசத்தில் வருகின்றன. பிரகாசத்தை அளக்கும் நிட் கணக்கில் 300, அதற்கும் மேல். அச்சுக்கு வேலை பார்க்கும் அறையில் 120 நிட் அளவு போதும். கூசும் திரையில் படத்தைச் சரிசெய்தால் காகிதத்தில் அது இருண்டுதான் வரும். பிரகாசத்தைக் குறைத்து வைக்க ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

சிவகாசியும் திருப்பூரும்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். முருகன் மயிலின் நீலம், அம்மன் புடவையின் சிவப்பு, மஞ்சள்காப்பின் மஞ்சள் என்று எல்லாமே நாலு மையில் பிறந்தாக வேண்டும். சயன், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற இந்த நான்கு மைகளால் திரையின் பளீர்ப் பச்சையையும் நீலத்தையும் எட்டவே முடியாது. நல்ல மானிட்டரிலேயே அந்த இடைவெளி உண்டு. "ஸ்கிரீன்ல இருந்த கலர் பிரிண்ட்ல வரலையே" என்ற வாக்குவாதம் நடக்காத ஆஃப்செட் பிரஸ் தமிழ்நாட்டில் இருக்காது. பழி பெரும்பாலும் மெஷின்மேன் தலையில்தான் விழும். மை போதவில்லை, பிளேட் சரியில்லை, பேப்பர் குடித்துவிட்டது என்று காரணம் தேடுவார்கள். டிசைன் போட்ட மேஜையில் எந்த மானிட்டர் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் இடைவெளியை, நிறம் பொங்கும் கேமிங் திரை இன்னும் அகலமாக்குகிறது. பிளேட் போட்ட பிறகு கண்டுபிடித்தால் காசு போனது போனதுதான்.

திருப்பூரில் இது இன்னும் விசித்திரம். அங்கே ஷேடு என்றால் உயிர். சாயமிட்ட லேப் டிப் துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சமான டி65ல் ஒரு பார்வை, ஐரோப்பியக் கடை விளக்கான டிஎல்84ல் ஒரு பார்வை என்று பார்த்த பிறகே பையர் தலையசைப்பார். ஒரு ஷேடு தள்ளிப்போனால் ஆர்டரே தள்ளிப்போகும். அவ்வளவு கறாரான ஊரில், அதே டி-ஷர்ட்டில் வரும் பிரிண்டுக்கு நிறம் கொடுக்கும் பையனின் திரையை அளந்து பார்ப்பவர் எத்தனை பேர்? துணிக்கு லைட் பாக்ஸ் வாங்கத் தயங்காத முதலாளிகள், திரைக்கு ஓர் அளவுகோல் வாங்க யோசிக்கிறார்கள்.

இதையெல்லாம் தாண்டி எனக்குள்ள கவலை, கண் பழகிப்போவது பற்றியது. பதினெட்டு வயதில் டிசைன் படிக்க வருகிறவர், மூன்று வருடம் பொங்கும் நிறத்தையே பார்க்கிறார். முதல் சில வாரம் உறுத்தும். பிறகு அதுவே இயல்பாகிவிடும். அப்புறம் மற்றவர் திரை, அச்சிட்ட தாள், ஏன், வயலின் பச்சைகூட அவருக்கு மங்கலாகத் தோன்றும். முன்பு நிறத்தைக் குறைத்துக்கொண்டிருந்தவர் இப்போது ஏற்றத் தொடங்குவார். நம் தெருக்களின் ஃப்ளெக்ஸ் பேனர்களில் முகங்கள் ரோஸ் பவுடர் கொட்டினாற்போல் ஆனதில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நிற உணர்வு டிசைனருடைய மூலதனம். அதை ஒரு மானிட்டர் மெனு தீர்மானிக்க விடக்கூடாது.

மெனு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருட்டில் ஒளிந்திருக்கும் எதிரி தெரிவதற்காக நிழலை மட்டும் வெளுக்கவைக்கும் வசதி பெரும்பாலான கேமிங் மானிட்டர்களில் இருக்கிறது. ராத்திரி போட்டது காலையில் அப்படியே இருக்கும். அந்தத் திரையில் ஒரு நகைக்கடை விளம்பரத்தின் கறுப்பு வெல்வெட் பின்னணியைத் திருத்தினால், வெல்வெட் மடிப்புகள் மையில் அடைத்துப்போகும்.

போட்டிகளில் ஆடுபவர்களுக்கு 240ம் 360ம் அவசியம் என்பார்கள். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். அந்த மட்டத்தில் ஆடுபவர்களுக்கு அது சரிதான். பகலில் டிசைன், ராத்திரி விளையாட்டு என்று இருப்பவருக்கு அது தேவையில்லை.

எதை வாங்கலாம்?

பேனல் வகைகளில் டிஎன்னை விட்டுவிடுங்கள். தலையைக் கொஞ்சம் அசைத்தால் நிறம் மாறும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது பலவற்றில் நிழல் இழுத்துக்கொண்டு போகும். ஓஎல்இடி கண்ணுக்கு விருந்து. ஆனால், ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும் டூல்பார்கள் காலப்போக்கில் திரையில் தடம் பதித்துவிடும் அபாயம் இருக்கிறது. தினம் எட்டு மணி நேரம் ஃபோட்டோஷாப் திறந்திருப்பவர், வாரன்டி அதற்குப் பொறுப்பேற்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு வேலைக்கும் நம்பிக்கையான பேனல் ஐபிஎஸ்தான்.

அளவில் 27 அங்குலம், 1440பி. அங்குலத்துக்கு 109 பிக்சல் வருகிறது. அதே 27ல் 1080பி எடுத்தால் 82தான், எழுத்தின் விளிம்பு சொரசொரப்பாகத் தெரியும். காசு பற்றாக்குறை என்றால் 24 அங்குலம் 1080பி ஐபிஎஸ் எடுங்கள். 1440பியில் பிக்சல்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் என்பதால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அந்தத் தெம்பு வேண்டும். கார்டு நொடிக்கு 70 ஃபிரேம்தான் தள்ளும் என்றால் 240 ஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுத்த காசு வீண். 144லிருந்து 180க்குள் நின்றுகொள்ளுங்கள். மிஞ்சும் பணத்தை நிறத்தில் போடுங்கள்.

நிற எல்லையை '45 சதவிகிதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் எவ்வளவு ஹெர்ட்ஸ் இருந்தாலும் டிசைனுக்கு வேண்டாம். 72 என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 'எச்டிஆர் 400' ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். '1 மில்லி செகண்ட்' என்பது பெரும்பாலும், பிக்சல் மாறும் வேகத்தை முடுக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்தது. அந்த உச்சத்தில் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெள்ளை நிழல் வரும்.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்பது. அகலத் திரையை எஸ்ஆர்ஜிபி எல்லைக்குள் அடக்கி வைக்கும் வசதி அது. இருக்கிறது என்று சொன்னவுடன் பணத்தை எடுக்காதீர்கள். அந்த மோடில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல மானிட்டர்களில் பிரகாசம் பூட்டிக்கொள்ளும், பிறகு அந்த மோடே பயன்படாமல் போகும். பெட்டிக்குள் வரும், தொழிற்சாலையில் நிறம் அளந்து தந்த சான்றிதழ், பல சமயம், இந்த ஒரு மோடுக்கு மட்டும் கொடுத்ததாக இருக்கும். பின்னொளி மங்க மங்க அதுவும் காலாவதியாகும்.

ஆகவே, அளந்து பார்க்கக் கலரிமீட்டர் வேண்டும். திரைமேல் தொங்கவிட்டால் கால் மணி நேரத்தில் நிறத்தை அளந்து ப்ரொஃபைல் எழுதிவிடும் சின்னக் கருவி. தனியாளுக்கு விலை கடிக்கும்தான். ஆனால், ஒரு மானிட்டருக்கு அது மாதம் ஒரு தடவைதான் தேவை. விஸ்காம் துறைகள் லேபுக்கு ஒன்று வாங்கி மாணவர்களுக்கு இரவல் தரட்டும். அச்சக உரிமையாளர் சங்கங்களும் பின்னலாடைச் சங்கங்களும் ஊருக்கு ஒன்று வாங்கி வாடகைக்கு விடட்டும். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்குச் சில ஆயிரம்கூட ஆகாது. இந்தத் தீபாவளிக்கு 240 ஹெர்ட்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் 165 வாங்குங்கள். மிச்சத்தை அந்தக் கருவியில் பங்காகப் போடுங்கள்.